மடக்கு சைக்கிள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

நாற்பதைத் தாண்டிய ஐ.டி. ஆள் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கிடைக்கும் அறிவுரை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “தினமும் கொஞ்சம் உடம்பை அசைங்க.” எனக்கும் அதையே சொன்னார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஓடினால் முட்டி முனகும். ஜிம்முக்குச் சந்தா கட்டலாம், ஆனால் போக மாட்டேன் என்று எனக்கே தெரியும். மிச்சம் இருந்தது சைக்கிள்.

நான் இருப்பது சிங்கப்பூரில், ஒரு வீவக அடுக்குமாடியின் பதினொன்றாம் மாடியில். வீட்டுக்குள் முழு சைக்கிளை நிறுத்தினால் சோபாவை வெளியே போட வேண்டியதுதான். தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றால், தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் வழி விட்டே ஆகணும். கீழ்த்தளத்து சைக்கிள் நிறுத்தத்தில் விட்டால் துரு பிடிக்கும், சில சமயம் சைக்கிளே இருக்காது. ஆக, மடக்கு சைக்கிள்.

இங்கே இணையத்தில் தேடினால் 200 வெள்ளிக்கும் மடக்கு சைக்கிள் கிடைக்கிறது, 2,000 வெள்ளியைத் தாண்டிய பிராம்ப்டனும் கிடைக்கிறது. பத்து மடங்கு வித்தியாசம். இந்தப் பத்து மடங்கில் என் மாதிரி ஆளுக்கு, அதாவது பந்தயம் ஓட்டாமல் அரை மணி நேரம் உடம்பை அசைக்க நினைப்பவருக்கு, உண்மையில் எவ்வளவு தேவை? ஒரு மாதம் படித்து, கணக்குப் போட்டு, கடை கடையாக ஓட்டிப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. என் பட்ஜெட் வரம்பு 400 வெள்ளி.

முதலில், எவ்வளவு உழைப்பு வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் குறைந்தபட்ச அளவு வந்துவிடுகிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அதில் எடுத்துவிட்டார்கள். கடைக்குப் போய்வரும் ஆறு நிமிடமும் சேர்த்திதான்.

மிதம் என்றால் என்ன? எளிய சோதனை: ஓட்டும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது. எண்ணாகச் சொன்னால் ‘மெட்’ என்று ஓர் அலகு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு. உடலுழைப்புகளுக்கான அட்டவணையில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் நிதானமாக சைக்கிள் ஓட்டுவதற்கு 3.5 மெட், 15 கி.மீ. வேகத்துக்கு 5.8 மெட் என்று போட்டிருக்கிறது.

அப்படியென்றால் நமக்குத் தேவையான வேகம் மணிக்கு 10 முதல் 15 கி.மீ.தான். சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பு 10 கி.மீ., பூங்கா இணைப்புப் பாதை போன்ற பகிர்வுப் பாதைகளில் 25 கி.மீ. நடைபாதையில் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நம் வேகம் எங்கேயும் இடிக்காது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி நமக்கு வேண்டாதது என்று புரிந்துவிடும்.

சக்கரம் சின்னது, நிறைய மிதிக்கணுமா?

மடக்கு சைக்கிள் என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. “சின்னப் பையன் சைக்கிள் மாதிரி இருக்கே, காலைச் சுத்திக்கிட்டே இருக்கணுமா?”

இல்லை. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: முன்னால் இருக்கும் பற்சக்கரத்தின் பற்கள், பின்னால் இருக்கும் பற்சக்கரத்தின் பற்கள், சக்கரத்தின் சுற்றளவு. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சுற்றளவால் பெருக்கினால் விடை.

28 அங்குலப் பெரிய சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னால் 38 பல், பின்னால் 18 பல் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர் போகும். 20 அங்குலச் சக்கரத்துக்குச் சுற்றளவு சுமார் 1.55 மீட்டர். முன்னால் 52 பல், பின்னால் 18 பல் வைத்தால் 4.5 மீட்டர். 16 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 1.23 மீட்டர். முன்னால் 52, பின்னால் 14 வைத்தால் 4.6 மீட்டர். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சக்கரம் சுருங்கியதைப் பற்சக்கரம் ஈடுகட்டிவிடுகிறது. மடக்கு சைக்கிள்களில் முன்பற்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சின்னச் சக்கரம் என்றாலே மெதுவான சக்கரம் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்ட்டன். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த அதே பொறியாளர். 1962-ல் சின்னச் சக்கரம், அதிகக் காற்றழுத்த டயர், சஸ்பென்ஷன் மூன்றையும் சேர்த்து அவர் கொண்டுவந்த சைக்கிள், பெரியவர்களும் ஓட்டும் சின்னச் சக்கர சைக்கிள்களுக்கு ஒரு வழி திறந்தது. பின்னால் 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி பிராம்ப்டனை உருவாக்கினார். 1982-ல் லேசர் ஆராய்ச்சியில் இருந்த இயற்பியலாளர் டேவிட் ஹான் அமெரிக்காவில் டாஹோன் கம்பெனியைத் தொடங்கினார். இன்று நாம் கடையில் பார்க்கும் மலிவு சைக்கிள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மடிப்பு முறைகளில் ஒன்றின் வழி வந்தவை.

கியர் எத்தனை வேண்டும்? நிமிடத்துக்கு 60 சுற்று என்பது நிதானமான மிதி. 20 அங்குலச் சக்கரம், முன்னால் 52 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர் என்று எடுத்துக்கொண்டால், அந்த மிதியில் வேகம் மணிக்கு 10 முதல் 21 கி.மீ. வரை வரும். நமக்கு வேண்டியது அத்தனையும் அதற்குள் அடக்கம். ஒற்றை கியரில் பின்பல் 18 என்றால் 16 கி.மீ. சமதளத்துக்கு அதுவே போதும். மேம்பாலச் சாய்வுகளில் மட்டும் முட்டி “என்னப்பா இது?” என்று கேட்கும். முட்டி சரியில்லாதவர்கள் ஏழு கியர் எடுப்பது நல்லது. அதற்குமேல் போகிற கியருக்குக் கொடுக்கும் காசு நமக்கு வீண்.

எடை: எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது

மலிவு சைக்கிள் என்றால் இரும்பு, 13 முதல் 15 கிலோ. கொஞ்சம் கூடக் கொடுத்தால் அலுமினியம், 11 அல்லது 12 கிலோ. “ரெண்டு மூணு கிலோ குறையுது சார், ஓட்டும்போது தெரியும்” என்பார்கள். தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

75 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள், சமதளம், மணிக்கு 15 கி.மீ. சாதாரண டயரின் உருளும் உராய்வுக் குணகத்தை 0.008 என்று வைத்தால் தரையோடு போராட 28 வாட். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது காற்றோடு போராட 26 வாட். மொத்தம் சுமார் 54 வாட். இப்போது சைக்கிளின் எடையை 4 கிலோ கூட்டினால் எவ்வளவு ஏறும்? 1.3 வாட். நூற்றுக்கு இரண்டரை. பையில் தண்ணீர் பாட்டிலும் குடையும் வைத்துக்கொண்டு போகிற மாதிரிதான்.

அதே கணக்கில் டயரில் காற்றுக் குறைந்து உராய்வுக் குணகம் 0.012-க்குப் போனால் என்ன ஆகும்? 14 வாட் கூடும். நான்கு கிலோ எடையைவிடப் பத்து மடங்கு. அதனால் லேசான பிரேமுக்கு 200 வெள்ளி கூடக் கொடுப்பதைவிட, அழுத்தமானி வைத்த நல்ல பம்ப் ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை காற்று அடிப்பது எவ்வளவோ மேல். சின்ன டயரில் காற்றின் அளவே குறைவு, சீக்கிரம் இறங்கிவிடும். எவ்வளவு அடிக்கணும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

எடை வலிக்கும் இடம் வேறு: தூக்கும்போது. லிஃப்ட் வீட்டு வாசல்வரை வந்தால் 14 கிலோ ஒரு பொருட்டே இல்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு அதுதான் எல்லாமே. ஒரு கையில் 14 கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுபவர் இரண்டாம் வாரமே சைக்கிளை மறந்துவிடுவார். வாங்குவதற்கு முன்னால் 15 கிலோ அரிசி மூட்டையை ஒருமுறை மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தக் கஷ்டத்தை வாரம் ஐந்து முறை படத் தயார் என்றால் இரும்பே வாங்கலாம்.

சின்னச் சக்கரத்தின் உண்மையான குறை

மிதிப்பதில் குறை இல்லை என்றால் சின்னச் சக்கரத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அது மேடு பள்ளத்தில்.

4 செ.மீ. உயரமுள்ள ஒரு விளிம்பில் சக்கரம் மோதுகிறது என்று வையுங்கள். 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 28 பாகைக் கோணத்தில் அதைத் தொடும். 20 அங்குலம் என்றால் 33 பாகை. 16 அங்குலம் என்றால் 37. கோணம் கூடக்கூட, சக்கரம் ஏறுவதற்குப் பதிலாக முட்டி நிற்கப் பார்க்கும். அதோடு இதில் ஹேண்டில் தண்டு நீளம், சக்கரம் சின்னது என்பதால் திருப்பம் படபடவென்று இருக்கும். பழக ஒரு வாரம் ஆகும். ஒரு கையை விட்டு மூக்கைச் சொறிவதெல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம்.

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் இது பெரிய விஷயமில்லை. பழைய மலாயா ரயில் தடத்தின் மேல் அமைந்த 24 கி.மீ. ரயில் பாதை வழித்தடத்தில் சில இடங்களில் சரளைக் கல் உண்டு. அங்கே 16 அங்குலத்தைவிட 20 அங்குலம் எவ்வளவோ நிம்மதி. உங்கள் ஊரில் சாலையே பள்ளத்தின் தொகுப்பு என்றால் 16 அங்குலத்தை மறந்துவிடுங்கள். 20 அங்குலத்திலும் ஒன்றே முக்கால் அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமான டயராகப் பாருங்கள்.

டயரில் இன்னொரு எண்ணையும் கவனிக்கணும். பக்கவாட்டில் 47-406 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். “20 அங்குலம்” என்று விற்பதில் 406-ம் உண்டு, 451-ம் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அதேபோல “16 அங்குலம்” என்பதில் 305-ம் உண்டு, 349-ம் உண்டு. 406 என்றால் குழந்தைகள் சைக்கிள் வரைக்கும் பயன்படும் அளவு. டயரும் டியூபும் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. மலிவாக வாங்குபவர் 406 வாங்குவது புத்திசாலித்தனம்.

இருக்கை உயரம்: முட்டியைக் காப்பதும் கெடுப்பதும் இதுதான்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பூங்காவில் போகும் பத்து பேரைப் பாருங்கள். அதில் நாலைந்து பேராவது சீட்டைத் தாழ வைத்து, முட்டியை மடக்கி மடக்கி மிதித்துக்கொண்டு போவார்கள். கால் தரையில் முழுசாக ஊன்றணும் என்ற பயம்தான் காரணம். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகமாக மடங்கி, மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ளுகிறது. அரை மணி நேரத்தில் 1,800 சுற்று. முட்டி வலி வரத்தான் செய்யும். “சைக்கிள் எனக்கு ஒத்துக்கலை” என்று அதை மூலையில் சாய்த்துவிடுவார்கள்.

பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக, 25 முதல் 35 பாகை வரை, மடங்கியிருக்கணும். இதைப் பார்க்க கருவி எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை தள்ளுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தை வைப்போம் அல்லவா, அப்போது வேண்டிய மடிப்பு தானாக வந்துவிடும்.

கடைக்குப் போகாமலே கணக்கிட இன்னொரு வழி, 1980களில் அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கியது. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்தி வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளக்கணும். அந்த எண்ணை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம்வரை வேண்டிய உயரம். 78 செ.மீ. கால் என்றால் 69 செ.மீ. 84 செ.மீ. என்றால் 74.

பல மலிவு மடக்கு சைக்கிள்கள் தோற்பது இங்கேதான். எல்லாருக்கும் ஒரே அளவு பிரேம். உயரத்தைச் சரிசெய்ய இருப்பது சீட் குழாய் மட்டும். அந்தக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்குமேல் வெளியே இழுக்கக்கூடாது, இழுத்தால் குழாய் வளையலாம், பிரேம் விரியலாம். கோடுவரை இழுத்த பிறகும் உங்கள் எண் வரவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்கள் சைக்கிள் இல்லை. என் கணக்கு எண் 73. நான் பார்த்த ஏழு சைக்கிள்களில் மூன்று இந்த ஒரு சோதனையிலேயே கழிந்தன. அளவு நாடா ஒன்றின் விலை இரண்டு வெள்ளி.

கூடவே பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அதிகபட்ச எடையையும் பாருங்கள். அதில் உங்கள் எடை மட்டுமில்லை, முதுகுப் பையும் சேர்த்தி. விளிம்பில் இருந்தால் வேறு பாருங்கள்.

கீல்: பணம் போக வேண்டிய இடம்

சாதாரண சைக்கிளுக்கு இல்லாத ஆபத்து மடக்கு சைக்கிளுக்கு உண்டு. நடுவில் ஒரு கீல், ஹேண்டில் தண்டில் ஒரு கீல். இரண்டும் உங்கள் முழு எடையையும் தாங்குகின்றன. சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 மடக்கு சைக்கிள்களுக்கும் பொருந்தும். அந்த எண்ணோ, அதற்கு இணையான ஐரோப்பியத் தரத்தின் எண்ணோ கையேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். எண் இருப்பதோடு நிறுத்தாமல் கையால் சோதிப்பது அவசியம்.

நான் செய்யும் சோதனை இது. சைக்கிளை விரித்துப் பூட்டுங்கள். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஹேண்டில் தண்டின் கீல் விளிம்பில் வையுங்கள். ‘டிக் டிக்’ என்று ஓர் ஆட்டம் விரலில் தெரிகிறதா? கீலின் அகலம் 4 செ.மீ., அதற்குமேல் ஹேண்டில்பார் 40 செ.மீ. உயரத்தில் என்றால், கீலில் அரை மில்லிமீட்டர் இடைவெளி கைப்பிடியில் அரை செ.மீ. ஆட்டமாகிவிடும். புது சைக்கிளிலேயே அது இருந்தால் ஒரு வருடத்தில் என்ன ஆகும்? நடுக்கீலையும் இதேபோல் பாருங்கள்.

அடுத்தது தாழ்ப்பாள். மூடும்போது பாதி தூரத்திலிருந்தே எதிர்ப்புக் கொடுக்கணும், கடைசியில் உள்ளங்கையால் அழுத்தி மூடும்படி இருக்கணும். சுண்டுவிரலால் மூடிவிட முடிந்தால் தளர்வு. கால் வைத்து மிதித்துத்தான் மூட வேண்டும் என்றால் அதிக இறுக்கம், உலோகத்துக்கு நல்லதில்லை. நல்ல கீலில் இந்த இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு திருகோ நட்டோ இருக்கும். எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்ளாதபடி தடுக்க இரண்டாவதாக ஒரு சின்னப் பூட்டு இருக்கணும். அது இல்லாத சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் நான் ஓட்ட மாட்டேன்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் விலகிவிடுங்கள், குறிப்பாக அலுமினியத்தில். இரும்புக்குச் சோர்வு வரம்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழான பாரத்தை எத்தனை முறை தாங்கினாலும் அது பெரும்பாலும் சமாளித்துவிடும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. சின்னச் சின்ன அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

பிரேக்கையும் இதே தீவிரத்தோடு பார்க்கணும். 2021 முதல் சிங்கப்பூரின் பொதுப் பாதைகளில் ஓடும் சைக்கிளுக்கு வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது கட்டாயம். நான் இரண்டு வேண்டும் என்பேன்.

எத்தனை முறை மடக்கப் போகிறீர்கள்?

மடிப்பு முறை இரண்டு வகை. ஒன்று, நடுவில் புத்தகம் மாதிரி இரண்டாக மடிவது. 20 அங்குலத்தில் மடித்தால் ஏறத்தாழ 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். இன்னொன்று பிராம்ப்டன் பாணியில் மூன்றாக மடிவது. சக்கரம் 16 அங்குலம், மடித்தால் ஏறத்தாழ 60, 60, 30. இரண்டாவது அழகுதான், ஆனால் அந்தச் சுருக்கத்துக்குத்தான் விலை ஏறுகிறது.

இங்கே மடித்த சைக்கிளை எம்ஆர்டியிலும் பேருந்திலும் எந்த நேரமும் ஏற்றலாம். முன்பு நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் அனுமதி இருந்தது. 2016 டிசம்பரில் சோதனை தொடங்கி, 2017-ல் நிரந்தரமாக்கினார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அளவு வரம்பு 120, 70, 40 செ.மீ. நிலையத்துக்குள் மடித்தபடியே இருக்கணும், சக்கரம் ஈரமோ அழுக்கோ என்றால் உறை போடணும். நீளத்திலும் உயரத்திலும் பெரும்பாலான சைக்கிள் தேறிவிடும். இடறுவது அந்த 40 செ.மீ. அகலத்தில்தான். இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் அச்சுகள், வெளியே துருத்தும் பெடல் எல்லாம் சேர்ந்து மலிவு சைக்கிள் 42, 44 என்று போய்விடும். ரயிலில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அளவு நாடாவை இங்கேயும் எடுங்கள்.

ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ரயிலில் ஏற்ற முடியுமா என்பதல்ல, ஏற்றுவேனா என்பது. எனக்கு வாரம் ஐந்து நாள் வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்பும் ஓட்டம். ரயில் மாதத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். அந்த ஒருநாளுக்காக மூன்று மடிப்புக்கு நான் காசு கொடுக்கத் தேவையில்லை. தினமும் ரயிலில் போய் அலுவலகம் வரை ஓட்டுபவருக்கு விடை நேர்மாறாக இருக்கும். அவருக்கு விலை கூடிய மடிப்பே மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. சைக்கிளை அலமாரிக்குள் மடித்துத் திணித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டால் காலையில் அதை எடுக்க மனம் வராது. உடற்பயிற்சி நடப்பது சைக்கிள் விரிந்திருக்கும்போதுதான். நான் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையை அளந்து ஒதுக்கி, ஹேண்டில் தண்டை மட்டும் மடித்து, பெடலைத் திருப்பி நிறுத்துகிறேன். நடுக்கீலைத் தொடுவதே இல்லை. எடுத்து லிஃப்டுக்குள் நுழைய நாற்பது நொடி. மடக்கு சைக்கிள் வாங்கி அதைப் பாதி மட்டும் மடக்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சின்னச் சக்கரம் என்பதால்தான் அது லிஃப்டில் நேராக நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இடம் இருக்கிறது.

கடைசியில் என்ன வாங்கினேன்

பழைய அலுமினிய சைக்கிள், இரண்டாக மடிவது, 20 அங்குலம், 406 ரிம், ஏழு கியர், 12 கிலோ. விலை 260 வெள்ளி. சீட் கோட்டைத் தாண்டாமல் 73 செ.மீ. வருகிறது. கீல் இரண்டிலும் ஆட்டம் இல்லை. பிரேக் கட்டைகளும் கம்பிகளும் மாற்ற 35 வெள்ளி, அழுத்தமானி வைத்த பம்ப் 28, முன்னும் பின்னும் விளக்கு 20, தலைக்கவசம் 30. மொத்தம் 373. சாலையில் இறங்கினால் 2019 முதல் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பாதையில் கட்டாயமில்லை என்றாலும் தலை அதே தலைதான்.

ஐந்து மாதமாக வாரம் நான்கைந்து நாள் ஓட்டுகிறேன். ரத்தப் பரிசோதனை எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஆளின் ஒரே எண் எதையும் நிரூபிக்காது. இதே நேரத்தில் சாப்பாட்டையும் மாற்றியிருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நம் உழைப்பு அளவில் கியர் எண்ணிக்கையும், இரண்டு மூன்று கிலோ எடையும், சக்கரம் சுழலும் வேகமும் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. வருவது மூன்றுதான்: உங்கள் காலுக்கு எட்டும் சீட் உயரம், ஆடாத கீல், கதவிலிருந்து பாதைக்குப் போக ஆகும் நேரம். முதலாவதற்குக் காசே தேவையில்லை, அளவு நாடா போதும். இரண்டாவதற்குத்தான் காசு கொடுக்கணும். மூன்றாவதற்கு வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கணும். கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கால் அளவை 0.883-ஆல் பெருக்கி, போனில் குறித்துவைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே பாதி சைக்கிள்கள் கழிந்துவிடும்.